மார்த்தாண்டச் சுற்றுப்புறச் சபைகளும் உபதேசக் காவலும்

முன்னுரை

ஒரு சமயம் புதியதொரு நாட்டில் வேரூன்றிய பின்னர், முதலிற் கற்பிக்கப்பட்ட கோட்பாடு பிறழாது நிற்பதற்கு எது காவலாகின்றது என்னும் வினா சமய வரலாற்றில் இன்றியமையாத ஒன்றாகும். தென் தமிழகத்துக் கிறித்தவச் சபைகளின் வரலாறு இவ்வினாவுக்கு விடை காண்பதற்குரிய சான்றுகள் பலவற்றைக் கொண்டுள்ளது. சபையார் விரும்பாத உபதேச மாறுதல்கள் எவ்வழியில் வந்தன, போதகர்கள் அவற்றை எவ்வாறு எதிர்கொண்டனர், எம்முறை பயன் தந்தது, எம்முறை பிளவில் முடிந்தது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்குள் புகுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். 'வேண்டாத மாறுதல்' என்று கூறுமிடத்து, எவருக்கு வேண்டாதது என்னும் கேள்வி உடனே எழும். சங்கத்தாருக்கு வேண்டாதது சபையாருக்கு வேண்டியதாக இருந்ததுண்டு. போதகர் விரும்பியதைச் சபையார் வெறுத்ததுமுண்டு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு நோக்கினாலன்றி வரலாறு தெளிவாகாது.

மார்த்தாண்டமும் அதன் சூழலும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருவழியில், குழித்துறைக்கு அணித்தாக அமைந்த வணிகப் பேரூர் மார்த்தாண்டம். தொடுவெட்டி என்பது அதன் பழம்பெயர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழ்நாட்டோடு இணையும்வரை இப்பகுதி மலையாள நாட்டு ஆட்சியின்கீழ் இருந்தது. ஆதலின் தமிழ்க் கிறித்தவ மரபும் கேரளத்துச் சிரியன் கிறித்தவ மரபும் ஒன்றையொன்று சந்திக்கும் இடமாக இஃது அமைந்தது.

இலண்டன் மிஷன் வழிவந்து இன்று தென்னிந்தியத் திருச்சபையில் அடங்கிய சபைகள், இலுத்தரன் சபைகள், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகள், இலத்தீன் கத்தோலிக்கர், மலங்கரைக் கத்தோலிக்கர் எனப் பல மரபினர் இவ்வட்டாரத்தில் அருகருகே வாழ்கின்றனர். 1996-இல் மலங்கரைக் கத்தோலிக்க மறைமாவட்டம் ஒன்று மார்த்தாண்டத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறித்தவர். இத்தகைய ஊரில் ஒரு சபையின் உறுப்பினர் மற்றொரு சபையின் உபதேசத்தைக் கேளாதிருத்தல் இயலாது. வேலியிட்டுக் காத்தல் என்பது இங்குத் தொடக்க முதலே பொருந்தாத முறையாகும்.

தொடக்க காலம்

இப்பகுதியில் சீர்திருத்தக் கிறித்தவம் பரவத் தொடங்கியது நாஞ்சில் நாட்டு மயிலாடியிலிருந்தாகும். அவ்வூரினரான மகாராசன் வேதமாணிக்கம் 1799-இல் தஞ்சையில் கோலாப் ஐயரைக் கண்டு கிறித்தவரானார். அவரது அழைப்பே ரிங்கல்தௌபே ஐயர் 1806-இல் மயிலாடிக்கு வருவதற்குக் காரணமாயிற்று.

ரிங்கல்தௌபே பிரஷிய நாட்டினர். இலுத்தரன் மரபில் வந்தவர். ஆயினும் அவரை அனுப்பியது இலண்டன் மிஷன் சங்கம். 1795-இல் தோன்றிய அச்சங்கம், அடுத்த ஆண்டிலேயே தன் அடிப்படைக் கொள்கையை வகுத்துக்கொண்டது. குறிப்பிட்டதொரு திருச்சபை ஆட்சிமுறையைப் பிற நாடுகளிற் புகுத்துவது சங்கத்தின் நோக்கமன்று. நற்செய்தியை அறிவிப்பதே அதன் பணி. தமக்குரிய சபை அமைப்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவ்வந்நாட்டு விசுவாசிகளுக்கே உரியது என்பது அக்கொள்கையின் சாரம். தென் திருவிதாங்கூர்ச் சபைகளின் பிற்கால வரலாற்றை அறிவதற்கு இக்கொள்கை திறவுகோல் போன்றது. எது மாறக்கூடாதது, எது மாறத்தக்கது என்னும் பகுப்பு அதில் அடங்கியிருந்தது.

ரிங்கல்தௌபே திருமுழுக்களிப்பதில் விரைவு காட்டியவரல்லர். தலைவரி முதலிய சுமைகளிலிருந்து விடுபடும் நோக்கத்தோடு வந்தோர் பலர் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். தாமரைக்குளம், ஈத்தாமொழி முதலிய ஊர்களில் உபதேசியார்களை நிறுத்தி, மக்கள் கற்றனவற்றைத் தாமே சென்று வினாவி அறிந்தார். உடல்நலங் குன்றி 1816-இல் அவர் நாட்டை விட்டகன்றபோது, சபைகளின் பொறுப்பு வேதமாணிக்கத்திடம் வந்தது. 1818-இல் மீட் ஐயர் வந்து பொறுப்பேற்கும்வரை ஐரோப்பியப் போதகர் எவரும் அங்கில்லை.

இவ்விடைக்காலம் நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் வேண்டப்படுவது. வெளியிலிருந்து கண்காணிப்பார் இல்லை. தண்டிக்க வல்லார் இல்லை. ஆயினும் சபைகள் கலையவில்லை. ஊரினராகவே இருந்து, மக்களோடு மக்களாக வாழ்ந்து, நாள்தோறும் கற்பித்த உபதேசியார்கள் அவற்றைத் தாங்கி நின்றனர். உபதேசத்தின் முதற்காவல் ஊரில் உடனுறையும் ஆசிரியனே என்பது இதனாற் பெறப்படும்.

கல்வியும் வினாவிடையும்

மீட் ஐயர் வந்தபின் ஆயிரக்கணக்கானோர் சபைகளிற் சேர்ந்தனர். எண்ணிக்கை பெருகுமிடத்து உபதேசம் நெகிழ்தல் இயல்பு. அந்நெகிழ்ச்சிக்கு மாற்றாகக் கொள்ளப்பட்டது கல்வியேயாகும். 1819-இல் நாகர்கோவிலில் கல்விக்கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. பிற்காலத்து ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. அதனையடுத்து அச்சகமும் அமைந்தது. 1819 இறுதியில் வந்த மால்ட் ஐயரும் அவர்தம் துணைவியாரும் பெண்கல்விக்குப் பெருந்தொண்டாற்றினர். 1828 முதல் நெய்யூர் மேற்குப் பகுதிச் சபைகளுக்கு நிலையமாயிற்று. அவ்வழியே குழித்துறை, பாறசாலை முதலிய பகுதிகளுக்குப் பணி விரிந்தது.

சிற்றூர்ச் சபைகளில் உபதேசம் பெரும்பாலும் வினாவிடை வடிவிலேயே கற்பிக்கப்பட்டது. எழுத்தறியாதாரும் கேட்டு மனங்கொள்ளத்தக்க இம்முறை தமிழர்க்குப் புதியதன்று. பாடங்கேட்ட மாணாக்கர் தம்முள் வினாவியும் விடை கூறியும் பயிலவேண்டும் என்பது நன்னூலார் கருத்து. ஆயின் ஈண்டு ஓர் இடர்ப்பாடும் உண்டு. விடையை மட்டும் நெட்டுருச் செய்தவன், புதியதொரு வினா எழும்போது திகைப்பான். வினா எதற்காக எழுந்தது என்பதையும் அறிந்தவனே அயலார் உபதேசத்தை எடைபோட்டுப் பார்க்க வல்லவனாவான். பெரேயா பட்டணத்தார் பவுலின் சொல்லையே மறைநூலோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர் என்றும், அதனால் அவர்கள் நற்குணமுடையோராகப் போற்றப்பட்டனர் என்றும் அப்போஸ்தலர் நடபடிகள் கூறுதல் இங்கு நினைக்கத்தகும். போதகனையே ஆராயும் உரிமை பெற்ற சபையே பொய்ப்போதகனையும் ஆராயும் திறன் பெறும்.

கோட்பாடும் வழக்கமும்

காவல் புரிவோர் முதலில் அறியவேண்டுவது காக்கப்படும் பொருள் யாது என்பதாகும். வழக்கத்தைக் கோட்பாடென மயங்கிக் காத்தல் பெருங்கேடு விளைக்கும். இதற்குத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வரலாறு சிறந்த சான்று.

1774-இல் திருநெல்வேலியிற் பிறந்து, சுவார்த்சு ஐயரிடம் வளர்ந்து, பெத்லகேம் குறவஞ்சி இயற்றிப் புகழ்பெற்ற சாஸ்திரியார், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த புதிய மிஷனெரிமார் செய்த மாறுதல்களை வன்மையாக எதிர்த்தார். பழைய வேதமொழிபெயர்ப்பைத் திருத்தியது, வழிபாட்டிற் பழகிய இசைப்பாடல்களையும் பூக்களையும் விலக்கியது, திருவிருந்தில் சாதி வேறுபாட்டை நீக்க முயன்றது ஆகியவை அவர் கண்ட குறைகள். இவற்றுள் பாடலையும் பூவையும் பற்றிய அவரது வாதத்தில் உண்மை இருந்தது. தமிழர் தம் இசையில் இறைவனை வழிபடுதல் எவ்வுபதேசத்துக்கும் மாறன்று. அவருடைய பாடல்கள் இன்றும் தென்னாட்டுச் சபைகளில் முழங்குதல் அவ்வாதம் வென்றதைக் காட்டும். ஆயின் சாதி வேறுபாட்டையும் அதனோடு சேர்த்துக் காக்க முற்பட்டது, வழக்கத்தைக் கோட்பாட்டின் இடத்தில் அமர்த்தியதாகும். ஒரே பாத்திரத்தில் பருகுதல் புதுமையன்று. பருக மறுத்தலே மூல உபதேசத்தினின்று விலகிய மாறுதல்.

தென் திருவிதாங்கூரில் இவ்வேறுபாடு தோட்சீலைப் போராட்டத்தில் வெளிப்பட்டது. 1822 முதல் 1859 வரை பலமுறை மூண்ட அக்கலகத்தில், கிறித்தவப் பெண்கள் மேலாடை அணிந்தமைக்காகத் துன்புறுத்தப்பட்டனர். 1859 ஜூலையில் அரசு சில கட்டுப்பாடுகளோடு அவ்வுரிமையை வழங்கியது. ஆடை உபதேசமன்று. ஆயினும் மக்கள் அனைவரும் இறைவன் சாயலில் படைக்கப்பட்டோர் என்னும் உபதேசத்தை உண்மையாக ஏற்றோர், பழைய ஆடை வழக்கத்தை மாற்றாதிருத்தல் இயலவில்லை. கோட்பாடு நிலைத்தற்பொருட்டே வழக்கம் மாறவேண்டிய இடமும் உண்டென்பதற்கு இது சான்று.

மறைநூலின் சொற்கள் மாறியபோதும் இத்தகைய கலக்கம் தோன்றிற்று. 18-ஆம் நூற்றாண்டில் பப்பிரிசியுஸ் ஐயர் கடவுளைக் குறிக்க ஆண்ட சொல் பராபரன். 1871-இல் முற்றுப்பெற்ற பவர் ஐயர் குழுவினரின் மொழிபெயர்ப்பில் அது தேவன் என்றாயிற்று. 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் கடவுள் என்னும் சொல் இடம்பெற்றது. இலுத்தரன் சபையார் பப்பிரிசியுஸ் மொழிபெயர்ப்பையே நெடுங்காலம் போற்றிவந்தனர். செவிக்குப் பழகிய சொல் மாறும்போது, பொருளே மாறிற்றோ என ஐயுறுதல் இயல்பு. அவ்வையத்தை அறியாமை எனத் தள்ளாது, மாறியது சொல்லே, பொருளன்று என விளக்கிக் காட்டுதல் போதகரின் கடமையாகும். மொழியில் பழமை நீங்கிப் புதுமை வருவதை நன்னூலாரும் குற்றமாகக் கொண்டாரல்லர்.

ஆணையாற் காத்தல்

இனி, ஆணையால் உபதேசத்தைக் காக்க முயன்ற நிகழ்ச்சியொன்றைக் காண்போம். அண்டை நாடாகிய திருநெல்வேலியில் 1820 முதல் சி.எம்.எஸ். சங்கத்தின்கீழ்ப் பணிபுரிந்தவர் இரேனியுஸ் ஐயர். புதிய கிறித்தவர்க்கெனக் குடியிருப்புகள் அமைத்தும், 1830-இல் தர்மசங்கம் நிறுவியும், உபதேசியார்களைக் குறித்த காலங்களிற் கூட்டிக் கற்பித்தும் அவர் வளர்த்த சபைகளில் 1835 அளவில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர்.

இரேனியுஸ் இலுத்தரன் மரபினர். சங்கமோ ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்தது. தம் உபதேசியார்க்கு இலுத்தரன் முறையிலேயே குருப்பட்டம் அளிக்க அவர் விரும்பினார். அத்தியட்சர் கையாலன்றிப் பட்டம் கூடாதென்பது சங்கத்தின் நிலை. இதற்கிடையில் ஆங்கிலத் திருச்சபையின் அமைப்பைக் குறைகூறி அவர் எழுதிய மதிப்புரை ஒன்று அச்சேறியது. 1835-இல் சங்கம் அவரைப் பணியினின்று நீக்கிற்று. அவர் ஆர்க்காட்டுப் பகுதிக்குச் சென்றார். ஆயின் உபதேசியார் பலரும் சபையார் பலரும் அவரை விடாது அழைத்தமையால், அவ்வாண்டிலேயே திரும்பி வந்தார். ஒரே ஊரில் இரு கட்சிகள் தோன்றின. 1838-இல் இரேனியுஸ் இறந்த பின்னரே பிளவு படிப்படியாக ஆறத் தொடங்கிற்று.

இதன்கண் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. சங்கத்தாரின் நோக்கில் அவர்கள் உபதேசத்தையும் ஒழுங்கையும் காத்தனர். சபையாரின் நோக்கில் அவர்களே வேண்டாத மாறுதலைப் புகுத்தினர். தமக்கு நற்செய்தி கூறியவர் திடீரென ஏன் தகுதியற்றவரானார் என்பது சிற்றூர் மக்களுக்கு விளக்கப்படவில்லை. அவர்களைக் கேளாமலே அவர்களைப் பற்றிய முடிவு செய்யப்பட்டது. ஆணை பிறந்தது, இசைவு பிறக்கவில்லை.

சட்டாம்பிள்ளையின் பிரிவு

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் ஆழமானது. நாசரேத்துப் பகுதியில் எஸ்.பி.ஜி. சங்கத்தின்கீழ் உபதேசியாராக இருந்த அருமைநாயகம், சட்டாம்பிள்ளை என வழங்கப்பட்டவர். கூரிய கல்வியறிவுடைய அவர், 1850-ஐ ஒட்டி மிஷனெரியோடு நேர்ந்த பூசலால் பணியிழந்தார். 1849-இல் வெளிவந்த கால்டுவெல் ஐயரின் திருநெல்வேலிச் சாணார் பற்றிய நூல் அச்சமூகத்தார் நெஞ்சைப் புண்படுத்தியிருந்த காலமும் அதுவே. 1857-இல் சட்டாம்பிள்ளையும் அவரைச் சார்ந்தோரும் பிரிந்து, இந்து கிறித்தவ ஏகரட்சகர் சபையை நிறுவினர். பிரகாசபுரம் அதன் நிலையமாயிற்று. ஐரோப்பியர் தலைமையையும் பொருளுதவியையும் அவர்கள் அடியோடு விலக்கினர். பழைய ஏற்பாட்டை ஆதாரமாகக் கொண்டு சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினர். தூபமிடுதல் முதலிய வழிபாட்டு முறைகளையும் ஏற்றனர்.

இது வெளியிலிருந்து வந்த பொய்ப்போதனையன்று. சபைக்குள்ளேயே, அதுவும் கற்பிப்போன் ஒருவனிடமிருந்தே தோன்றியது. அதன் வேரைத் தேடின், ஓய்வுநாள் பற்றிய ஐயத்துக்கு முன்னர் அவமதிப்பால் நேர்ந்த புண் இருத்தலைக் காணலாம். உபதேச வேறுபாடு பின்னர் வந்து அப்புண்ணுக்கு உருவங் கொடுத்தது. தென் திருவிதாங்கூரிலும், ஒடுக்கப்பட்ட மக்கள் சிலர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் புதிதாக வந்த பிற சபைகளை நாடியமைக்கு, சபைக்குள் தமக்குச் சமமதிப்பு இல்லையென்னும் குறை ஒரு காரணமாயிற்று. மதிப்பளியாத போதகன் எத்துணைத் தூய உபதேசத்தைக் கூறினும் அது செவியில் ஏறாது.

எழுப்புதலும் நாட்குறிப்பும்

மூன்றாவது வகை மாறுதல், ஆவியின் ஏவுதல் எனக் கூறி வருவது. இரேனியுஸிடம் பயின்ற அருளப்பன், 1860-இல் திருவில்லிப்புத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தியான்பேட்டையில் பெரியதோர் எழுப்புதலுக்குக் காரணரானார். பாவவுணர்வும், மனந்திரும்புதலும், தீர்க்கதரிசனம் உரைத்தலும் அங்கு நிகழ்ந்தன. மிஷனெரிமாருள் சிலர் அதனை வரவேற்றனர், சிலர் ஐயுற்றனர். அவ்வலை 1870-களில் திருவிதாங்கூரையும் எட்டியது. அங்கு 1875-இல் யுஸ்தூஸ் யோசேப்பு என்னும் போதகர் வழியாக, 1881-இல் கிறித்து மீண்டும் வருவார் என்னும் முன்னறிவிப்பு எழுந்தது. குறித்த ஆண்டு வந்தது, கடந்தது. நம்பியிருந்தோருள் ஒரு பகுதியினர் யூயோமயம் என்னும் தனிச் சபையாக நின்றனர்.

இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால், எழுப்புதல் அனைத்தையும் ஒடுக்குதலும் தவறு, ஆராயாது ஏற்றலும் தவறு என்பது விளங்கும். நல்வாழ்வு என்னும் கனியால் முன்னதை அளக்கலாம். பின்னதைக் காலமே அளந்துவிட்டது. நாள்குறித்துரைக்கும் எவ்வுபதேசத்தையும் சபையார் ஐயத்தோடு நோக்கப் பழக்கியிருந்தால், அந்த ஆறாண்டுக் கலக்கம் பெரிதும் குறைந்திருக்கும்.

கலந்தாய்ந்து மாறுதல்

இனி, பெரியதொரு மாறுதல் பிளவின்றி நிகழ்ந்தமைக்கு எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். இலண்டன் மிஷன் சபைகள் அத்தியட்சர் ஆட்சியை அறியாதவை. சபையாரே தம் காரியங்களைத் தீர்மானிக்கும் மரபில் வளர்ந்தவை. 1908-இல் அவை தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தன. 1919-இல் தரங்கம்பாடியிற் கூடிய தென்னிந்தியப் போதகர்கள் ஆங்கிலத் திருச்சபையோடும் இணைவதற்கு அழைப்பு விடுத்தனர். 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. இடையே சென்றவை 28 ஆண்டுகள்.

இரேனியுஸ் காலத்தில் சபைகளைப் பிளந்த அதே வினா, அதாவது குருப்பட்டம் அளிக்கத்தக்கார் யார் என்னும் வினா, இங்கும் நடுநாயகமாக நின்றது. அன்று ஓராண்டுக்குள் ஆணையால் முடிக்கப்பட்டது. இங்கோ ஒரு தலைமுறைக் காலம் ஆராயப்பட்டது. மன்றங்கள் பலமுறை வாக்களித்தன. மறுப்போர் வாதங்கள் கேட்கப்பட்டன. முன்னரே பட்டம் பெற்றிருந்த போதகர் எவரும் மீண்டும் பட்டம் பெறவேண்டுமென வற்புறுத்தப்படவில்லை. மனச்சான்றுக்கு மாறான வழிபாட்டு முறையையோ ஊழியத்தையோ எச்சபைமீதும் சுமத்துவதில்லை என்னும் வாக்குறுதியும் ஒன்றிப்பின் அடிப்படையில் இடம்பெற்றது. நந்தியாலில் ஆங்கிலத் திருச்சபை மரபினர் பலர் அன்று இணையாது விலகி நின்றனர். எனினும் முழுமையாக நோக்குமிடத்து, இத்துணைப் பெரிய மாறுதல் இத்துணைக் குறைந்த பிளவோடு நிகழ்ந்தமை அரிதே. 1959-இல் கன்னியாகுமரிப் பேராயம் தனித்து அமைந்தபோது, அத்தியட்சர் ஆட்சி மார்த்தாண்டச் சுற்றுப்புறத்தார்க்கு அயலானதாகத் தோன்றவில்லை.

பெறப்படும் நெறிகள்

மேற்கண்ட நிகழ்ச்சிகளால் உபதேசக் காவலுக்குரிய நெறிகள் சில பெறப்படும்.

முதலாவது, மாறாத கோட்பாட்டையும் மாறத்தக்க வழக்கத்தையும் போதகர் தாமும் பிரித்தறிந்து, சபையார்க்கும் பிரித்துக் காட்டவேண்டும். எல்லாவற்றையும் ஒருங்கே காக்க முயல்வோன் இன்றியமையாததையும் இழப்பான்.

இரண்டாவது, ஊரில் உறையும் உபதேசியாரின் கல்வியே சபையின் வலிமை. அவரை வேலையாளாக நடத்தியவிடத்துப் பிளவும், உடன்பணியாளராக மதித்தவிடத்து நிலைபேறும் விளைந்தன.

மூன்றாவது, வினாவை அடக்குதல் காவலாகாது. அடக்கப்பட்ட வினா வேறொரு சபையின் வாயிலில் சென்று நிற்கும். வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் எல்லா உபதேசங்களையும் வீட்டினுள்ளே கொணர்ந்துவிட்ட இக்காலத்தில் இவ்வுண்மை முன்னினும் பன்மடங்கு வலியுடையது.

நான்காவது, விலகிச் செல்வோரின் உபதேசப் பிழையை ஆராயுமுன், அவர்க்கு இழைக்கப்பட்ட குறை யாதெனப் போதகர் ஆராயவேண்டும்.

ஐந்தாவது, மாறுதல் வேண்டுமெனத் தோன்றியவழி, அதனைச் சபையார் அறிய, நெடிது ஆய்ந்து, மறுப்போர் மனச்சான்றுக்கு இடமளித்துச் செய்தல் வேண்டும்.

முடிவுரை

1816-இல் போதகரை இழந்தும் மயிலாடிச் சபைகள் நிலைத்தன. 1835-இல் அத்தியட்சரும் சங்கமும் காவல்நின்றும் திருநெல்வேலிச் சபைகள் பிளந்தன. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கிடையே உள்ள வேறுபாடு அதிகாரத்தின் மிகுதி குறைவைப் பொறுத்ததன்று. முன்னதில் சபையார் தாம் நம்புவதை அறிந்தோராக நடத்தப்பெற்றனர். பின்னதில் பிறர் தீர்ப்புக்குக் கீழ்ப்படிவோராக எண்ணப்பெற்றனர். மார்த்தாண்டம் போன்று பல சபைகள் அருகருகே நிற்கும் ஊர்களில் ஒரு போதகர் செய்யத்தக்கது, பிறர் குரல் கேளாவண்ணம் கதவடைத்தலன்று. கேட்டதை மறைநூலோடு வைத்து ஆராயும் பயிற்சியைத் தம் மக்களுக்கு அளித்தலேயாம். சிற்றூர் உபதேசியார்களின் நாட்குறிப்புகளும் சபைப் பதிவேடுகளும் இந்நோக்கில் விரிவாக ஆராயப்படுமாயின், தென் தமிழகச் சமய வரலாறு மேலும் விளக்கம் பெறும்.